முதலில் இமை, கடைசியில் இருட்டு: மியூனிக்கிலிருந்து பெர்ன் வரை ஒரு கண்ணாடி ஓவியப் பயணம்

நாள் 1: மியூனிக்

கண்ணாடி ஓவியம் என்றதும் பலருக்குத் தேவாலய ஜன்னல்தான் நினைவுக்கு வரும். இந்தப் பயணம் வேறொன்றைத் தேடி. கண்ணாடியின் பின்முகத்தில் வரைந்து, திருப்பி வைத்து, முன்முகம் வழியாகப் பார்க்கிற ஓவியம் அது. ஜெர்மன் மொழியில் ஹின்டர்கிளாஸ் என்கிறார்கள். 'கண்ணாடிக்குப் பின்' என்பதே பொருள். நம் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களும் இதே வேலைதான்.

தாளிலோ துணியிலோ முகம் வரைபவர் பின்னணியில் தொடங்குவார். தோல் நிறம் பூசி, நிழல் போட்டு, கடைசியில் கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து முடிப்பார். கண்ணாடியில் அந்த வெள்ளைப் புள்ளிதான் முதல் வேலை. பிறகு கண்மணி, இமைக்கோடு, கன்னத்தின் மினுப்பு, நிழல், தோல் நிறம், தலைமுடி, உடை, எல்லாம் முடிந்து பின்னணி. முதலில் வைத்தது மேலே நிற்கும், கடைசியில் வைத்தது அடியில் போய்விடும். ஒன்றைத் தவறாக வைத்துவிட்டு அதன் மேல் திருத்தி எழுத வழியே கிடையாது, ஏனென்றால் 'மேல்' என்ற பக்கம் கண்ணாடியால் மூடிக் கிடக்கிறது.

ஆழ்மனத்தை முகமாக வரைய நினைப்பவர்களுக்கு இந்த ஊடகத்தை நாங்கள் பரிந்துரைப்பதற்கு இந்த வரிசைதான் காரணம். விசித்திரமான உருவங்களைச் சேர்த்துவிட்டால் ஆழ்மனம் வந்துவிடாது. எது மேலே, எது அடியில், எதன் ஊடாக எது தெரிகிறது என்ற தீர்மானத்தில்தான் அது வருகிறது.

கோனிக்ஸ்பிளாட்ஸ் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே ஏறினால் சில நிமிட நடையில் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகம். ஓவியர் கப்ரியேல மியூன்டர் தன் 80-ஆவது பிறந்த நாளையொட்டி 1957-இல் மியூனிக் நகரத்துக்குக் கொடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள்தான் இதன் உயிர். அவருடைய அந்நாள் துணைவரான ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் 1911-ஆம் ஆண்டுக் கண்ணாடிப் படமான 'சகல புனிதர்கள்' இந்தத் தொகுப்பைச் சேர்ந்தது. எக்காளம் ஊதும் தேவதை, அதன் கீழே நெருக்கியடித்து நிற்கும் புனிதர்கள் என்று இடைவெளியே இல்லாத படம்.

இதைப் பார்க்க ஒரு முறை உண்டு. முதலில் நேராக நின்று பாருங்கள். நிறம் ஈரமாக இருப்பதுபோலத் தோன்றும். பெயிண்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று இல்லாததால் ஒளி மேற்பரப்பில் சிதறுவதில்லை. கறுப்பு முழுக் கறுப்பாக, சிவப்பு முழுச் சிவப்பாக நிற்கிறது. பிறகு பக்கவாட்டில் 45 டிகிரி அளவுக்கு நகருங்கள். கண்ணாடியின் பிரதிபலிப்பு எழும்பி, படம் ஒரு தகட்டுக்குள் இறங்கிக்கொள்ளும். தூரிகைத் தடத்தின் மேடுபள்ளம் எங்கும் தெரியாது. அந்த மேடுபள்ளமெல்லாம் நம் கண்ணுக்கு எட்டாத பின்பக்கத்தில் இருக்கிறது.

1911 டிசம்பரில் வெளிவந்த தன் கலைக் கோட்பாட்டு நூலின் முடிவில் காண்டின்ஸ்கி தன் படங்களை மூன்று வகையாகப் பிரித்தார். நடு வகைக்கு இம்ப்ரொவைசேஷன் என்று பெயர். பெரும்பாலும் நனவின்றி, திடீரென எழும் அகநிகழ்வுகளின் வெளிப்பாடு என்பது அவர் தந்த விளக்கம். அதே காலத்தில்தான் கண்ணாடியிலும் வரைந்தார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் கை சுதந்திரமாக ஓடலாம், ஆனால் எந்த வரிசையில் ஓடுவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே மேசையில் சேர்வது அபூர்வம்.

நாள் 2: முர்னாவ்

மியூனிக்கிலிருந்து கார்மிஷ் போகும் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முர்னாவ். ஷ்டாஃபல்ஸீ ஏரிக்கரை ஊர். இங்கும் பக்கத்து ஸீஹவுசன், உஃபிங் கிராமங்களிலும் கண்ணாடிப் படம் வீட்டுத் தொழிலாக நடந்தது. முதுகில் மரச்சட்டம் கட்டிய வியாபாரிகள் படங்களைச் சுமந்துபோய் விற்றார்கள்.

1908-இல் மியூன்டர், காண்டின்ஸ்கி, யாவ்லென்ஸ்கி, வெரெஃப்கின் ஆகிய ஓவியர்கள் நால்வரும் இங்கே வந்து வரைந்தார்கள். 1909-இல் மியூன்டர் ஒரு வீடு வாங்கினார். ஊரார் அதை 'ரஷ்யர் வீடு' என்றார்கள். அந்த வீட்டின் படிக்கட்டில் காண்டின்ஸ்கி தீட்டிய குதிரை வீரர்களும் பூக்களும் இன்னும் இருக்கின்றன. நாஜி காலத்தில் மியூன்டர் தன்னிடமிருந்த படங்களை இந்த வீட்டின் நிலவறையில்தான் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். வீடு மதியத்துக்கு மேல்தான் திறக்கும். ஆகவே காலையில் அரண்மனை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பட அறைகளை முடித்துவிட்டு வருவது வசதி.

மியூன்டருக்குத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தவர் ஹைன்ரிஷ் ராம்போல்ட். முர்னாவின் பழைய கண்ணாடிப் படக்காரர் மரபில் கடைசியாக எஞ்சியவர். அவரைப் போன்றவர்கள் வரைந்த முறை எளிமையானது. கோட்டு மாதிரி ஒன்றைத் தாளில் வைத்திருப்பார்கள். அதற்கு 'ரிஸ்' என்று பெயர். அதன்மேல் கண்ணாடியை வைத்துக் கோட்டை அப்படியே ஒற்றி எடுப்பார்கள். கோடு காய்ந்ததும் நிறம் நிரப்புவார்கள். ஒரே ரிஸ்ஸிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம்.

முகம் வரைய இதையே பின்பற்றலாம். சில விவரங்களைத் தவறவிட்டால் வேலை கெடும்.

கண்ணாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி அலசி, சுண்ணக்கட்டிப் (சாக்) பொடியை நீரில் குழைத்துத் தேய்த்து, மீண்டும் அலசி, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். சோதனை: கண்ணாடியின் மேல் வாயால் ஊதுங்கள். ஆவி சீராகப் படர்ந்து சீராக மறைந்தால் சுத்தம். தீவு தீவாக மறைந்தால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. அதன் பிறகு விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும். ஒரு கட்டைவிரல் ரேகை போதும், ஆறு மாதம் கழித்துச் சரியாக அந்த இடத்தில் பெயிண்ட் எழும்பும்.

புகைப்படத்திலிருந்து வரைந்தால் அதை இடவலமாகத் திருப்பி அச்செடுங்கள். வகிடு, மச்சம், மூக்குத்தி எல்லாம் பக்கம் மாறிவிடும் என்பதைப் பாதி வேலையில் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். கையெழுத்தையும் திருப்பி எழுத வேண்டும், அதுவும் முதலிலேயே.

கோட்டுக்கும் நிறத்துக்கும் ஒரே கரைப்பான் ஆகாது. எண்ணெயில் போட்ட கோட்டின்மேல் டர்பன்டைன் கலந்த நிறத்தைப் பூசினால் கோடு கரைந்து இழுபடும். அதனால் கோட்டுக்கு அக்ரிலிக் மை, ஒரு நாள் காயவிட்டு, நிறத்துக்கு ஆயில் பெயிண்ட். பட்டாணி அளவு பெயிண்டுக்கு டர்பன்டைன் 4 அல்லது 5 சொட்டு, டமார் வார்னிஷ் 2 சொட்டு. டமார் என்பது நம் குங்கிலியத்தின் உறவுதான். அதைச் சேர்த்தால் பெயிண்ட் கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும்.

பொறுமை வேண்டிய இடம் உலர்த்தல். ஆயில் பெயிண்டில் உள்ள ஆளி விதை எண்ணெய் ஆக்சிஜனை உறிஞ்சித்தான் இறுகுகிறது. கண்ணாடியில் ஒரு பக்கம் முழுக்க அடைபட்டிருப்பதால் காற்று பின்பக்கம் மட்டுமே படும். தாளில் இரண்டு நாளில் காயும் பூச்சு இங்கே ஐந்து, ஆறு நாள் கேட்கும். தடிமனாகப் பூசினால் பின்தோல் முதலில் இறுகி, உள்ளே இருப்பது பிறகு சுருங்கி, பாலாடைபோல மடிப்பு விழும். மெல்லிய பூச்சு இரண்டு போடுவது தடித்த பூச்சு ஒன்றைவிட எப்போதும் மேல்.

நாள் 3: ஓபராம்மர்காவ்

முர்னாவிலிருந்து ஓபராம்மர்காவுக்கு மலையடிவாரமாக ஏறிப்போகும் கிளை ரயில்பாதை 1905-லேயே மாறுதிசை மின்சாரத்துக்கு மாறிவிட்டது. ரயில் ஆர்வலர்களுக்கு அதுவே ஒரு புனிதத் தலம். நமக்கு வேலை அருங்காட்சியகத்தில். முர்னாவில் மதுவடித்தொழில் நடத்திய யோஹான் க்ரோட்ஸ் சேர்த்த ஏறத்தாழ ஆயிரம் கண்ணாடிப் படங்கள் இங்கே இருக்கின்றன. மியூன்டரும் காண்டின்ஸ்கியும் பார்த்து வியந்தது இந்தத் தொகுப்பைத்தான். 1912-இல் அவர்கள் ஓவியர் வட்டம் வெளியிட்ட 'நீலக் குதிரைவீரன்' தொகுதியில் பவேரியக் கண்ணாடிப் படங்களும் அச்சாயின.

அழகை ரசித்து முடித்தபின் இதே அறைகளை இரண்டாவது முறை சுற்ற வேண்டும், இந்த முறை பழுதைப் பார்க்க. கண்ணாடிப் படம் எப்படிச் சாகிறது என்பதற்கு இருநூறு ஆண்டுகள் தாண்டிய பழைய படங்களைவிட நல்ல பாடம் கிடையாது.

நிறத்தின் நடுவே வெளிறிய மேகம் போல ஒரு திட்டு தெரிந்தால், அங்கே பெயிண்ட் இன்னும் விழவில்லை, ஆனால் கண்ணாடியை விட்டு எழும்பிவிட்டது. இடையில் மெல்லிய காற்றுப் படலம் புகுந்து ஒளியைச் சிதறடிக்கிறது. நேற்று முன்தினம் பார்த்த 'ஈர நிறம்' எப்படி உண்டாகிறது என்பதற்கு இதுவே எதிர்ச்சான்று. அடுத்த கட்டம் பொருக்கு உதிர்வது. அங்கே பின்பலகையின் மரநிறம் எட்டிப் பார்க்கும்.

காரணங்கள் பெரும்பாலும் மூன்றுதான். பழைய கண்ணாடியில் கார உப்பு அதிகம். ஈரம் பட்டால் அந்த உப்பு மேற்பரப்புக்குக் கசிந்து வந்து பெயிண்டின் பிடியை அறுக்கிறது. அடுத்தது, பெயிண்டின் முதுகில் பலகையை ஒட்டி அழுத்தி ஆணி அடிப்பது. மரம் பருவத்துக்குப் பருவம் விரியும், சுருங்கும், கண்ணாடி அசையாது, நடுவில் மாட்டிய பெயிண்ட் தேயும். மூன்றாவது குளிர்ந்த வெளிச்சுவர். அதில் மாட்டிய படத்தின் உள்பக்கம் வியர்க்கும்.

தஞ்சாவூர், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் கண்ணாடிப் படங்களிலும் இதே மேகத் திட்டைப் பார்க்கலாம். இந்தியாவுக்கு இந்தக் கலை 18-ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்தின் வழியே வந்தது. பவேரியாவின் வழி வேறு, ஆனால் பெயிண்டும் கண்ணாடியும் ஈரமும் படுத்தும் பாடு ஒன்றே. வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் தயவுசெய்து சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைத் துடைக்காதீர்கள். ஈரத்துணி ஒரு முறை போனால் முகமே துணியோடு வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும், அதுவும் துணியில் திரவத்தைத் தெளித்து, படத்தைப் படுக்கவைத்துத் துடைக்கலாம். நேராகக் கண்ணாடியில் தெளித்தால் அது சட்டத்தின் இடுக்கில் வழிந்து பின்னால் போகும்.

நாள் 4: பென்ஸ்பெர்க்

டுட்சிங்கில் ரயில் மாறி வர வேண்டும். 1966 வரை நிலக்கரிச் சுரங்க ஊர். இங்குள்ள அருங்காட்சியகம் ஹைன்ரிஷ் காம்பெண்டோங்க் என்ற ஓவியரின் படைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. 1911-இல் 21 வயதில் பக்கத்து ஸின்டெல்ஸ்டோர்ஃபுக்கு வந்து நீலக் குதிரைவீரன் வட்டத்தில் சேர்ந்தவர். மற்றவர்கள் சில ஆண்டுகளில் கண்ணாடியை விட்டுவிட, இவர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். 1933-இல் டுசல்டோர்ஃப் கலைக்கழகப் பணியை நாஜிகள் பறித்தபின் நாட்டை விட்டு வெளியேறி ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்து 1957-இல் மறைந்தார்.

இவருடைய மனிதர்களும் விலங்குகளும் கனவில் நிற்பதுபோல நிற்கின்றன; ஒன்றையொன்று பார்ப்பதில்லை. ஊடுருவும் நிறமும் மறைக்கும் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது கண் தானாகவே ஆழத்தைக் கற்பித்துக்கொள்கிறது. பயிற்சிக்கு ஒரு குறிப்பு: ஒரு முகத்தின் கன்னத்தை மட்டும் ஊடுருவும் நிறத்தில் விட்டு, பின்னால் சுருங்கச் செய்த அலுமினியத் தாளை வைத்துப் பாருங்கள். தலை அசையும்போதெல்லாம் அந்தக் கன்னம் வேறு வேறு இடத்தில் மினுங்கும். தாளைப் பசையால் ஒட்டாதீர்கள். பசை காயும்போது இழுக்கும்.

நாள் 5: குஸ்னாக்ட்

மியூனிக்கிலிருந்து ஜூரிக் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து ஏரியின் கிழக்குக் கரையோரம் உள்ளூர் ரயிலில் சில நிலையங்கள் போனால் குஸ்னாக்ட். மனநல மருத்துவர் கார்ல் குஸ்டாவ் யுங் 1909 முதல் 1961-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. வாசலுக்கு மேல் லத்தீனில் ஒரு வரி செதுக்கியிருக்கிறது: அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் கடவுள் இருப்பார்.

கண்ணாடி ஓவியருக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். இங்கே குடிவருவதற்கு முன், ஜூரிக்கின் புர்க்ஹோல்ட்ஸ்லி மனநல மருத்துவமனையில் யுங் செய்த சொல் தொடர்புச் சோதனைதான் நமக்குப் பயன்படுகிறது. நூறு சொற்கள் கொண்ட பட்டியல். ஒவ்வொன்றாகச் சொல்ல, எதிரில் இருப்பவர் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும். ஒரு நொடியை ஐந்தாகப் பிரித்துக் காட்டும் கடிகாரத்தை வைத்து அவர் நேரத்தை அளந்தார். பதில் என்ன என்பதைவிட, எந்தச் சொல்லில் தயக்கம் நீள்கிறது என்பது முக்கியமாக இருந்தது. தயங்கும் இடத்துக்கு அடியில் ஏதோ இருக்கிறது.

முகம் வரையும் முன் இதை ஓவியப் பட்டறைக்கு ஏற்றபடி எளிமையாக்கிச் செய்யலாம். மருத்துவம் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். ஏழாம் நாள் ஒரே முகத்தை ஐந்து கண்ணாடிகளில் பிரித்து வரைந்து ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப் போகிறோம். எதை எந்தக் கண்ணாடியில் வைப்பது என்று முடிவெடுக்க உதவும் கருவி மட்டுமே இது. இருபது சொற்கள் போதும்: கிணறு, சாவி, அண்ணன், மழை, பூட்டு, பாம்பு, பள்ளிக்கூடம், உப்பு, படி என்று எளிய பெயர்ச்சொற்கள். கைபேசியின் நிறுத்துகடிகாரம் போதும். பதிலையும் நேரத்தையும் எழுதுங்கள். பத்து நிமிட இடைவெளி விட்டு அதே சொற்களை மறுபடி சொல்லி, முதல் பதிலை நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். நேரம் நீண்டதும், மறுமுறையில் பதில் மாறியதும் ஆகிய சொற்களுக்கு வட்டமிடுங்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு கிடைக்கும். அவைதான் நான்காவது கண்ணாடிக்குப் போக வேண்டிய பொருள்கள்.

இரண்டு எச்சரிக்கை. வரையப்படுபவரின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. வட்டமிட்ட சொல்லுக்கு அர்த்தம் சொல்லவும் கூடாது. 'கிணறு' என்றதும் தயங்கினார் என்றால் கிணற்றை வரையுங்கள், அவ்வளவே. ஏன் என்று கேட்டு விளக்கம் வாங்கி வரைந்த படம் விளக்கப்படமாகத்தான் முடியும்.

நாள் 6: பெர்ன்

ஜூரிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த, மூன்று அலைகள் போன்ற கூரை கொண்ட, ஓவியர் பால் கிளேயின் பெயரிலான மையம் 2005-இல் திறந்தது. ஏறத்தாழ 4,000 படைப்புகளைக் காக்கிறார்கள். ஒளிக்குத் தாங்காதவை என்பதால் சுழற்சி முறையில்தான் காட்சிக்கு வரும். தேடிவரும் படம் சுவரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வாருங்கள்.

நாம் தேடுவது 'என் தந்தையின் உருவப்படம்', 1906. அதற்கு முந்தைய ஆண்டில்தான் கிளே கறுப்புப் பூசிய கண்ணாடியில் ஊசியால் கீறத் தொடங்கியிருந்தார். முர்னாவ் ஓவியர்களுக்கு முன்பே, அவர்களுக்குத் தொடர்பில்லாமல், தாமாகவே கண்ணாடிக்கு வந்தவர். இசை ஆசிரியரான அப்பா சட்டத்தை நிறைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு மகன் அப்பாவை எந்த அளவில் சுமக்கிறான் என்பதை அந்தப் பருமன் சொல்லிவிடுகிறது. 1925-இல் பாரிஸில், கனவையும் ஆழ்மனத்தையும் கலைக்குள் கொண்டுவந்த சர்ரியலிஸ்டுகள் நடத்திய முதல் ஓவியக் கண்காட்சியில் கிளேயின் படங்களையும் சேர்த்துக்கொண்டதில் வியப்பில்லை.

கீறும் முறையில் எல்லாம் தலைகீழ். கறுப்பை முதலில் முழுக்கப் பூசுகிறோம், பிறகு எடுக்கிறோம். எடுத்த இடத்தில் பின்னாலிருந்து வெள்ளை பூசினால் கோடு வெள்ளையாக எழும்; பூசாமல் விட்டால் ஒளி புகும்.

இதற்கு அக்ரிலிக் கறுப்பு வேண்டாம். காய்ந்தபின் அது ரப்பர்த் தோல். ஊசி பட்டால் கோட்டின் இரு பக்கமும் பிய்ந்து வரும். போஸ்டர் கலர் கறுப்போடு கருவேலம் பிசின் கரைசல் சில சொட்டு சேர்த்து, அகலத் தூரிகையால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பூச்சு. ஒளிக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரியக் கூடாது. முழுதும் காய்ந்து 2 முதல் 6 மணி நேரத்துக்குள் கீறினால் கோடு சுத்தமாக வரும். ஓரிரு நாள் கடந்தால் பூச்சு நொறுங்கத் தொடங்கும். அப்போது ஈர மூச்சை ஊதி மென்மைப்படுத்திக்கொள்ளலாம். பிசின் அதிகமானாலும் நொறுங்கும். கூர்ந்த ஊசியைவிட முனை சற்று மழுங்கிய ஊசி நல்லது. கூர்முனை கண்ணாடியிலேயே கீறல் போடும், அந்தக் கீறல் எப்போதும் தெரியும். கீறிய துகளை விரலால் தள்ளாதீர்கள். உலர்ந்த மென்தூரிகை போதும்.

நாள் 7: பெர்ன், ஐந்து கண்ணாடி

இன்று நடை இல்லை. ஆறு நாளில் பார்த்ததையெல்லாம் ஒரே முகத்தில் அடுக்கும் வேலைக்கான திட்டம்.

அளவு 30 × 40 செ.மீ., ஐந்து கண்ணாடி, ஒவ்வொன்றும் 3 மி.மீ. கடையில் 'எக்ஸ்ட்ரா கிளியர்' என்று கேளுங்கள். சாதாரணக் கண்ணாடியில் இரும்பு கலந்திருப்பதால் ஐந்து சேர்ந்தால் முகம் பச்சை பூத்துவிடும். விளிம்பை அரைத்து வாங்குங்கள். 3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 7.5 கிலோ, அப்படியானால் ஒன்று 900 கிராம், ஐந்தும் 4.5 கிலோ. சட்டமும் கொக்கியும் இந்தக் கணக்குக்குத் தாங்க வேண்டும்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே 12 மி.மீ. இடைக்கட்டை. மொத்த ஆழம் 63 மி.மீ. கட்டை மரமானால் ஒரு மாதமாவது உலர்ந்ததாக இருக்கட்டும், வார்னிஷ் அடித்ததும் இரண்டு வாரம் காற்றாடட்டும். மூடிய பெட்டிக்குள் பச்சை மரமும் புது வார்னிஷும் ஆவி விட்டுக் கண்ணாடியின் உள்முகத்தில் மூடுபனி போலப் படியும். ஒட்டிய பின் அதைத் துடைக்க முடியாது. இடைக்கட்டையில் மேலும் கீழும் 2 மி.மீ. துளை ஒன்று விட்டு, தூசி வராமல் மெல்லிய துணி ஒட்டுங்கள்.

ஒளியைக் கணக்கிடாமல் தொடங்கினால் எல்லாம் வீண். கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் 4 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும், ஒரு கண்ணாடிக்கு 8 சதவீதம். ஐந்தைத் தாண்டும்போது 66 சதவீதம்தான் மிச்சம். முன்னாலிருந்து வெளிச்சம் போட்டால் அது போய்த் திரும்ப வேண்டும். பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பின்கண்ணாடி மங்கிக் கிடப்பதாகப் பலர் சொல்வது இதனால்தான். பின்னாலிருந்து ஒளி கொடுங்கள். எல்.இ.டி. பலகைக்கும் கடைசிக் கண்ணாடிக்கும் இடையே 3 செ.மீ. விட்டு, நடுவில் ஒரு டிரேசிங் தாள். எந்தக் கண்ணாடியிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூசாதீர்கள்.

முதல் கண்ணாடியில் மேலிமை, கீழிமை, மூக்கின் விளிம்பொளி, உதட்டுக் கோடு. இவ்வளவுதான். அந்த மனிதர் உலகத்துக்குக் காட்டும் முகம் இது. இரண்டாவதில் கன்னமும் நெற்றியும், ஊடுருவும் தோல் நிறத்தில், திட்டுத்திட்டாக. மூன்றாவதில் கண்மணிகள்.

இந்தக் கண்மணி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முகத்தை உண்மை அளவில் வரைந்தால் கண் 3 செ.மீ. அகலம், கருவிழி 12 மி.மீ. மூன்றாவது கண்ணாடியின் பெயிண்ட், முதலாவதன் பெயிண்டுக்கு 30 மி.மீ. பின்னால் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பவர் தலையை 30 செ.மீ. நகர்த்தினால், இமைக்குள் கருவிழி ஏறத்தாழ 6 மி.மீ. சறுக்கும். அதாவது தன் அகலத்தில் பாதி. பார்ப்பவர் நகரும் பக்கமே விழியும் நகரும். நகர்ந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் விழி இமையின் ஓரத்தைத் தாண்டி, வெறும் இமை மட்டும் மிஞ்சும். அந்த இடத்தில் முகம் நம்மைப் பார்ப்பதை நிறுத்தி உள்ளே போய்விடுகிறது. கண்மணியை இரண்டாவது கண்ணாடியில் வைத்தால் சறுக்கல் 3 மி.மீ.; உயிர் இருக்கும், ஆனால் இந்த உள்வாங்கல் நடக்காது. ஐந்தாவதில் வைத்தால் 11 மி.மீ. சறுக்கும், கண் கோணலாகத் தெரியும். மூன்றாவதுதான் சரி.

நான்காவதில் குஸ்னாக்ட் பட்டியலில் வட்டமிட்ட பொருள்கள். கிணறோ சாவியோ படியோ, முகத்தின் நிழல் விழ வேண்டிய இடங்களில் நிழலின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். கன்னக்குழியின் இருள், நேராகப் பார்த்தால் கன்னக்குழி. பக்கவாட்டில் நகர்ந்தால் படிக்கட்டு. ஐந்தாவது, கிளேயின் முறையில் கறுப்புப் பூசிக் கீறியது. இதற்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு என்ற விதி பொருந்தாது. இது முழுக்க இருட்டு, கீறல் வழியே மட்டும் ஒளி. இந்த ஒன்றை ரிஸ் வைத்து வரைய வேண்டாம். முன் நான்கும் தயாரானபின், அவற்றைப் பார்த்தபடி ஒரே மூச்சில் கீறுங்கள். கீறல்கள் முகத்தின் பகுதிகளில் குவியட்டும். எல்லா இடத்திலும் பரப்பினால் வானத்து நட்சத்திரம்போல ஆகி முகம் தொலைந்துவிடும்.

பின்கண்ணாடி தூரத்தில் இருப்பதால் சிறியதாகத் தெரியும். ஒன்றரை மீட்டர் பார்வைத் தூரத்துக்கு ஐந்தாவதை 4 சதவீதம் பெரிதாக்கி வரைய வேண்டும், நான்காவதை 3, மூன்றாவதை 2. ஒவ்வொரு கண்ணாடியின் நான்கு மூலையிலும் ஒரே இடத்தில் சிறு மைப்புள்ளி வைத்து, அடுக்கும்போது நேர்கோட்டில் ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பொருத்துங்கள். சட்டம் புள்ளிகளை மறைத்துவிடும்.

மூடும் முன் ஒவ்வொரு கண்ணாடியின் முன்முகத்தையும் துடைத்து, இருட்டறையில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துத் தூசி பாருங்கள். சட்டத்தில் சிலிகான் ஒட்டுவதானால் வினிகர் வாசம் வராத வகை. வாசம் வருவது அசிட்டிக் அமிலம் விடும், பூட்டிய பெட்டிக்குள் அது பெயிண்டையும் அலுமினியத் தாளையும் தின்னும்.

ஊருக்குக் கொண்டுபோவதற்கு: ஒட்டாமல் தனித்தனியாகக் கட்டி, போய்ச் சேர்ந்தபின் அடுக்குங்கள். குமிழி பிளாஸ்டிக் பெயிண்டைத் தொட்டால் வட்ட வட்டமாக அச்சு விழும். முதலில் சிலிகான் பூசிய பேக்கிங் தாள், விளிம்பில் அட்டைச் சட்டம், அதற்கு வெளியே குமிழி பிளாஸ்டிக். முன்முகத்தில் பெருக்கல் குறியாகக் காகித டேப் ஒட்டினால், உடைந்தாலும் சில்லு பெயிண்டைக் கிழிக்காது. படுக்கவைக்காமல் எப்போதும் விளிம்பில் நிற்கவையுங்கள். குளிர்ந்த சரக்கறையிலிருந்து சென்னை விமான நிலையத்தின் ஈரக்காற்றுக்கு வரும் பெட்டியை உடனே திறக்கக் கூடாது. வீட்டுக்குள் மூடியபடியே 24 மணி நேரம் வைத்திருந்து, கண்ணாடி அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள்.